புதிர் நெல் வந்த காலை

ஆட்சி மாறிக் கழகத்தார் கோட்டையில் அமர்ந்த பின்னும் எங்கள் வலங்கைமான் பக்கத்து வயல்களில் பகை ஆறவில்லை. கூலி நெல்லைப் பற்றிய பேச்சு முறிந்து, அறுவடை தொடங்காமலே நின்றிருந்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் வைக்கோற்போர்கள் எரிந்தன. என் தமையனார் உரிமம் பெற்ற தம் துப்பாக்கியில் தோட்டா நிரப்பி வைத்திருந்தார்.

ஒரு காலையில் பறையொலி கேட்டது. சன்னல் வழியே பார்த்தேன். எங்கள் வயலில் அறுக்கும் ஆட்கள் அரிவாளோடு தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சிவப்புக் கொடி. அச்சம் தீர்க்கும் பதிகங்களை நாள்தோறும் ஓதுகிறவன் நான். அன்று முதலடிகூட நாவில் எழவில்லை. 

"வெட்டத்தான் வர்றானுங்க" என்று தமையனார் துப்பாக்கியைச் சன்னலில் நீட்டினார்.

அண்ணியார் தலையைச் சாய்த்துப் பறையைக் கேட்டார். "இது புதிர்க் கொட்டுங்க. சாமிக்குப் படைக்க முதல் கதிர் கொண்டு வர்றாங்க. தாம்பாளத்த எடுக்கிறேன்."

"கூலி பேசி முடியாத வருஷத்துல புதிரா? பைத்தியமா உனக்கு?"

அண்ணியார் தாம்பாளத்தோடு வந்து தாழ்ப்பாளை நீக்கி, துப்பாக்கிக்கு நேர் முன்னே வாசலில் போய் நின்றார். நான் கண்களை மூடிக்கொண்டேன்.

"என்னம்மா, பட்டப்பகல்ல கதவு சாத்தியிருக்கு? புலி கிலி வந்துடுச்சா?" ஆட்களின் தலைவருடைய குரல். பலர் சிரித்தார்கள். கதிர்க்கட்டு தாம்பாளத்தில் சரசரத்தது. "சாமிக்கு உள்ளத நிறுத்தக் கூடாதுன்னு கொண்டாந்தோம். ஆனா பெரியய்யாகிட்ட சொல்லிடுங்க. கூலி நெல்ல ஏத்தாம இனி அருவா இறங்காது. அப்புறம் வருத்தப்படக் கூடாது."

பறை அகன்றது.

"கேட்டியா? வருத்தப்படக் கூடாதாம்! மிரட்டிட்டுப் போறான்" என்றார் தமையனார்.

"முறையா சொல்லிட்டுப் போறாருங்க" என்றார் அண்ணியார்.

தமையனார் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நீயும் சாட்சி சொன்னா இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன். பொழுது சாயறதுக்குள்ள அவன உள்ள தள்ளிடுவாங்க."

அந்நாளில் உள்ளே போனவர்கள் எந்நிலையில் திரும்பினார்கள் என்பதை ஊர் அறியும். ஆட்களின் தலைவர் சொன்ன சொற்களை மனத்துள் மீண்டும் ஒலிக்க விட்டேன்.

"எனக்கும் மிரட்டலாத்தான் கேட்டுது அண்ணா. ஆனா தபால்காரர் மணி அடிச்சாலும் எனக்கு அப்படித்தான் கேக்கும். என் காத நம்பி ஒருத்தர உள்ள தள்ளாதீங்க."

"பயந்தாங்கொள்ளி!"

அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அங்கே போவதற்கென அணிந்த சட்டையைக் கழற்றவும் இல்லை. அன்று முழுவதும் கூடத்தில் உலவினார். அவர் செருப்பைத் தேடிய ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு நின்றது.