முடிச்சு அவிழாத முப்பது கிலோமீட்டர்

டிசம்பரின் முதல் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்குப் பூந்தமல்லியில் காஞ்சிபுரம் பேருந்தில் ஏறினேன். கட்டணம் ஐம்பத்தைந்து ரூபாய். பையில் மாற்றுத்துணி, மாத்திரை டப்பா, ஒரு ஜோடி ஷூ. பக்கத்து இருக்கை அம்மாள், "பட்டு எடுக்கப் போறியாமா?" என்று பேச்சைத் தொடங்கினார். "இல்லைம்மா, ஓடப் போறேன்" என்றேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார், கழுத்தில் தாலியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, "யாரு கூடமா?" என்றார். நாற்பத்தொரு வயதில் என்னை அப்படிச் சந்தேகிக்கவும் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று உள்ளூரக் கொஞ்சம் மகிழ்ச்சிதான். மாரத்தான் என்று விளக்கியதும் அவருக்குச் சுவாரசியம் போய்விட்டது. ஸ்ரீபெரும்புதூர் வருமுன் தூங்கிவிட்டார்.

உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன். எனக்கு எட்டு வருடமாக லூபஸ். வீட்டுக் காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்காரனை அடித்தால் எப்படியிருக்கும், அந்த மாதிரி வியாதி. நோயை எதிர்க்க வேண்டிய சக்தி என் மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் பிடித்து உலுக்கும். வெயில் பட்டால் கன்னம் இரண்டும் சிவந்து தடிக்கும், அதோடு நின்றால் என் அதிர்ஷ்டம். சென்ற வருடம் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, காலில் நீர் கோத்து, ஸ்டீராய்டு மாத்திரையோடு கட்டிலில் கிடந்தேன். இந்த வருடம் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். "முதலில் முப்பது கிலோமீட்டர் ஓடிப் பாருங்க. வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். அப்புறம் மூணு நாள் காய்ச்சல் வரக்கூடாது, சிறுநீர்ச் சோதனை சரியா இருக்கணும். இருந்தா ஜனவரியில நாற்பத்திரண்டு ஓடுங்க. இல்லேன்னா ஓரமா நின்னு கைதட்டுங்க." கைதட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை.

பூந்தமல்லி சாலையில் விடிகாலையில் லாரிக்கும் நாய்க்கும் தப்பி முப்பது கிலோமீட்டர் ஓட முடியாது. அதனால்தான் காஞ்சிபுரம். பெரிய காஞ்சிபுரத்தில் கௌரி இருக்கிறாள். ஆஸ்பத்திரி வரிசையில் ஆறு வருடம் முன்பு பழக்கமானவள். அவளுக்கும் இதே வியாதி, எனக்கு இருப்பதைவிட ஒரு பிடி அதிகம். அவளும் கணவர் ஏகாம்பரமும் பட்டு நெய்கிறவர்கள்.

மாலை நாலரை மணிக்கு ஆட்டோவில் அவர்கள் தெருவில் இறங்கினேன். கௌரி என் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது, செவப்பே இல்ல. சாப்புடு, தூங்கு" என்றாள். எங்களுக்குள் குசலம் விசாரிப்பது அவ்வளவுதான். ஏகாம்பரத்திடம் வழியைச் சொன்னேன். அவர்கள் வாசலிலிருந்து மேற்கே திருப்புட்குழி பதிமூன்று கிலோமீட்டர். போய்த் திரும்பினால் இருபத்தாறு. மிச்சம் நான்கை ஊருக்குள் சுற்றிக்கொள்ளலாம். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விட்டேனா? ஒரு வாரம் கைப்பேசி வரைபடத்தைப் பார்த்துப் போட்ட திட்டமாயிற்றே!

ஞாயிறு, அதிகாலை மூன்றரை. புறப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. லூபஸ்காரர்களுக்கு விடியற்காலை விரல் என்றால் விறகுக் குச்சி. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அப்படியும் லேஸ் கட்ட வரவில்லை. கௌரியின் விரலும் அதே லட்சணம். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். கடைசியில் ஏகாம்பரம் கீழே உட்கார்ந்து இரண்டு ஷூவையும் கட்டிவிட்டார். எனக்கு ஒரே கூச்சம். "பட்டு இழையச் சேக்குற முடிச்சுக்கா. ஊரு உலகம் சுத்துனாலும் அவுராது" என்றார்.

நான்கு மணி. இருட்டில் நான் ஓட, பின்னால் மொபெட்டில் ஏகாம்பரம், அதில் தண்ணீர், பேரீச்சம்பழம், கௌரி வற்புறுத்திக் கொடுத்தனுப்பிய ஒரு பெரிய கறுப்புக் குடை. மழை வாசனைகூட இல்லாத நாளில் குடை எதற்கு என்று கேட்டேன். "அவ குடுத்தா நான் கேக்க மாட்டேன்" என்றார். நெடுஞ்சாலையை ஒட்டிய சிறு சாலையில், கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று ஒரே சீராகப் போனேன். பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. எட்டாவது கிலோமீட்டரில் இடது முட்டி ஒரு முறை முனகியது. பேசாமல் வா என்றேன். வந்தது.

ஐந்து முப்பத்தெட்டு. திருப்புட்குழி. கோயில் கதவு இன்னும் திறக்கவில்லை. குளத்தோரம் ஒரு பூக்கார அம்மா விளக்கு வைத்துக்கொண்டு மாலை கட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "இன்னாமா, யாரு தொரத்தறாங்க?" என்றார். ஏகாம்பரம் என் வியாதி, டாக்டர், முப்பது கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். அந்த அம்மா நிமிரக்கூட இல்லை. "வறுத்த பயறே மொளைக்குதுமா இந்த ஊர்ல. நீ ஓடறது ஒரு பெரிய விசயமா? தண்ணி குடிச்சிட்டு ஓடு" என்றார். பிள்ளை வரம் கேட்டு வருகிற பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள், காலையில் முளை விட்டிருந்தால் பலிக்கும் என்பது இங்கே நம்பிக்கை. நான் பக்திமான் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை காலில் இறங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

கிழக்கே திரும்பினேன். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

மேற்கே போய்க் கிழக்கே திரும்பினால் விடிந்ததும் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் இது. வெயிலுக்கு எட்டு வருடம் பயந்து வாழ்ந்தவள், ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டவள், தானே போய்ச் சூரியனுக்கு முகத்தை நீட்டியிருக்கிறேன்! "நேத்தே சொல்ல வந்தேன்கா, நீங்க வுடல" என்றார் ஏகாம்பரம். எனக்கு அழுகை வந்தது. ஆறேகாலுக்குச் சூரியன் சிவப்பாக எட்டிப் பார்த்தது. ஆறே முக்காலுக்குக் கண் கூச ஆரம்பித்தது. தொப்பியை இழுத்துவிட்டேன், கைக்குட்டையைக் கட்டினேன், மூச்சு முட்டியது, அவிழ்த்தேன். இருபத்திரண்டாவது கிலோமீட்டர். நிறுத்திவிடலாம் என்று வாய் திறந்தேன்.

அதற்குள் மொபெட் என்னைத் தாண்டி முன்னால் போனது. ஏகாம்பரம் ஒரு கையால் வண்டியை உருட்டிக்கொண்டே மறு கையால் குடையை விரித்துப் பிடித்தார். அதன் நிழல் பின்னால் நீண்டு சரியாக என் முகத்தில் விழுந்தது. கௌரி எதற்குக் கொடுத்தனுப்பினாள் என்பது அப்போதுதான் புரிந்தது. நிழலை விடாமல் ஓடினேன். ஊர் எல்லையில் டீக்கடைக்காரர் கூவினார்: "என்னாபா ஏகாம்பரம், குடை புடிச்சிக்கினு போற, சாமி பொறப்பாடா?"

"ஆமாம்பா, அம்மன் ஓடியாருது, வழி வுடு!"

கடையில் நின்ற பத்துப் பேரும் டம்ளரோடு கை தூக்கினார்கள். சிரித்ததில் எனக்கு விலாவே பிடித்துக்கொண்டது. ஆனால் ஓட்டம் நிற்கவில்லை.

ஏழு பதினேழு. இருபத்தாறு முடிந்து ஊருக்குள் நுழைந்தேன். ராஜ வீதிகளைச் சுற்றுவதாகத் திட்டம். "உன் திட்டத்தத் தூக்கிக் குப்பையில போடு" என்றாள் தெரு முனையில் நின்ற கௌரி. "எங்க தெரு வடக்குத் தெக்குக்கா. கெழக்கு வரிசை வீடெல்லாம் மாடி. ஏழே முக்கா வரைக்கும் ஒரு பொட்டு வெயில் வராது. அத நம்பித்தான் நாங்க பாவே விரிக்கிறோம்."

பாவு என்பது சேலையின் நீள இழைகள். ஆயிரக்கணக்கான பட்டு இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்ததைத் தேடிச் சேர்ப்பார்கள். ஈரப் பாவில் வெயில் ஏறினால் இழை மொறமொறத்து அறுந்துவிடுமாம். ஆக, இந்தத் தெருவுக்கே நிழலின் நிமிடக் கணக்கு அத்துப்படி. எனக்கு மிச்சம் நான்கு கிலோமீட்டர். தெரு இருநூறு மீட்டர். இருபது நடை. ஏழே முக்காலுக்குள் முடிக்க வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

முதல் நடையிலேயே திட்டு விழுந்தது. "யாரும்மா அது? தூசி பறக்குது, கஞ்சியில ஒட்டிக்கும்!" என்றார் பாவின் மறுமுனையைப் பிடித்திருந்த பெரியவர். கௌரி விஷயத்தைச் சொன்னாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, இரண்டு குடம் தண்ணீரைத் தெருவோரம் தெளிக்கச் சொன்னார். "அந்த ஈரத்து மேலயே ஓடு. இன்னும் எத்தினி?" "பத்தொன்பது." அதன்பின் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் பாவின் இருபுறமிருந்தும் எண் வந்தது. பதினாலு. பதிமூணு. தலையை நிமிர்த்தாமலே, விரலை இழையிலிருந்து எடுக்காமலே எண்ணினார்கள்.

ஒன்றே பாக்கி இருக்கும்போது மேற்கு வரிசை வீட்டுத் திண்ணைச் சுவர் வரை மஞ்சள் வெயில் இறங்கியது. கௌரி கையில் இருந்த இழையை முடிந்துவிட்டு எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். "கடைசி நடைக்கு நானும் வரேன்" என்றாள். வியாதி வந்ததிலிருந்து அவள் பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. வெறுங்காலோடு ஓடினாள், மூச்சிரைக்க என்னைத் திட்டிக்கொண்டே ஓடினாள். ஏழு நாற்பத்து நான்கு. கைக்கடிகாரம் முப்பது காட்டியது. பெரியவர், "பாவச் சுருட்டு!" என்று குரல் கொடுத்தார். நாங்கள் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் ஓவென்று அழுதோம்.

அப்புறம் வீட்டுக்குள் போக முடியவில்லை. ஷூ கழலவில்லை. ஏகாம்பரம் கால் மணி நேரம் முடிச்சோடு மல்லுக்கட்டித் தோற்றார். "எங்களுக்குப் போடத்தான்கா தெரியும், அவுத்துப் பழக்கமில்ல" என்று தலையைச் சொறிந்தார். வேறு வழியில்லாமல் முடிச்சுக்குப் பக்கத்தில் லேஸைக் கத்தரித்தார்கள். வாசலில் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. மாலையில் நான் கிளம்பும்போது, வெட்டிய இடத்தை ஏகாம்பரம் அதே முடிச்சால் சேர்த்துக் கொடுத்தார். திரும்பும் பேருந்தில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு பூந்தமல்லி வரை தூங்கினேன்.

எங்கள் குடியிருப்பில் எல்லாரும் நல்லவர்கள்தான். நான் ஓடுவதைப் பார்த்தால், "உடம்பு முடியாதவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று அக்கறையோடு கேட்பார்கள். காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில் ஒருவரும் எதற்கு என்று கேட்கவில்லை. இன்னும் எத்தனை என்றுதான் கேட்டார்கள்.

திங்கள், காய்ச்சல் இல்லை. செவ்வாய், இல்லை. புதனும் இல்லை. அன்று காலை சோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "ஓடுங்க" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். ஆஸ்பத்திரிப் படியிலேயே நின்று கௌரியைக் கூப்பிட்டேன். அவள் போட்ட சத்தத்தில் தறி நின்றுவிட்டது போலிருக்கிறது. போனை வாங்கிய ஏகாம்பரத்துக்கு வேறு கவலை.

"அந்த லேஸு நாப்பத்திரெண்டு தாங்குமாக்கா? புதுசு வாங்கிக்குங்க."

"வாங்க மாட்டேன்" என்றேன். "இதிலேயேதான் ஓடப் போறேன்."