ஜாக்கின் கைப்பிடி யார் கையில்?

கார் வர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவன் வானத்தைப் பார்ப்பதைவிட காரின் வயிற்றைப் பார்ப்பதுதான் அதிகம். சாலையோரத்தில் டயர் மாற்றி முதுகு பிடித்துக்கொண்டவர்களே, நீங்களும் நம்ம கூட்டம்தான், கேளுங்கள். மலேசியாவின் கெலாங் பாத்தாவில் ஒரு சின்ன வர்க்‌ஷாப்பில் இரண்டு வருடமாக இருக்கிறேன். எனக்குக் குரலும் சின்னது. உணவுக்கடையில் நான் தேநீர் கேட்டால், பக்கத்து மேசைக்காரரிடம் போய் "என்ன வேணும்?" என்பார்கள்.

வேனைத் தூக்கியது யார்?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். ஐம்பது கிலோகூட இல்லாத நான் ஜாக்கின் நீளக் கைப்பிடியை மேலும் கீழும் அடிக்க அடிக்க, ஒரு காய்கறி வேன் தூக்கம் கலைந்த யானை மாதிரி மெல்ல எழுந்தது. நம்ப முடியாமல் என் புஜத்தை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பெரிய மெக்கானிக் மணியம் அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். "தம்பி, தூக்கினது நீ இல்ல, உள்ள இருக்கிற எண்ணெய். ரொம்பப் பெருமப்படாத லா!"

நசுங்கிய தீப்பெட்டி

சரி, எண்ணெய் தூக்கும். தூக்கியதைப் பிடித்துக்கொண்டே இருக்குமா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு மத்தியானம் பழைய ஜாக் ஒன்றில் ஒரு காரை ஏற்றி, அதன் அடியில் செங்கல்களை அடுக்கி, மேலே காலித் தீப்பெட்டியை நிற்க வைத்தேன். பெட்டிக்கும் காருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. யாரையும் கிட்டே போக விடாமல் பார்த்துக்கொள்ளும்படி வர்க்‌ஷாப்பில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால், தீப்பெட்டி அப்பளமாகிக் கிடந்தது.

எங்கள் தாத்தா சொன்ன கதைகளில் ஒரு பூதம் வரும். தூக்கு என்றால் மலையையும் தூக்கும். பிடித்துக்கொண்டிரு என்றால் அதற்குப் பொறுமை கிடையாது. ஜாக்கும் அந்த ஜாதிதான். அதனால் எங்கள் வர்க்‌ஷாப்பில், தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு வைத்து, பாரத்தை அதன்மேல் இறக்கிவிடுவோம். இன்னொரு பழக்கமும் உண்டு. காருக்கடியில் போகிறவர் ஜாக்கின் கைப்பிடியைக் கழற்றித் தன்னோடு எடுத்துக்கொண்டு போவார். கைப்பிடியைத் திருகினால் ஜாக் ஒரேயடியாக இறங்கிவிடும். அது அவரிடமே இருந்தால், தெரியாமல்கூட யாரும் இறக்க முடியாது.

தீப்பெட்டியைக் காட்டியபோது மணியம் அண்ணனுக்கு ஆச்சரியமே இல்லை. "சத்தம் போட்டு இறங்கினா நாம ஓடிருவோம். இது சத்தமே இல்லாம இறங்கும், உன்ன மாதிரி."

சேகர் அண்ணன் வாங்கிய ஜாக்

சேகர் அண்ணன் எங்கள் வாடிக்கையாளர். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர். இனிமேல் கார் எண்ணெயை வீட்டிலேயே மாற்றப்போவதாகச் சொல்லி, சிவப்பு நிறத்தில் ஒரு ஜாக் வாங்கி வந்து காட்டினார். நானும் சொன்னேன்: சமமான சிமெண்டுத் தரை, ஹேண்ட் பிரேக், தரையில் நிற்கிற சக்கரங்களுக்குக் கட்டை, காரின் விளிம்பில் அதற்கென்று இருக்கிற இடத்தில் ஜாக், அப்புறம் கட்டாயம் ஸ்டாண்டு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்த வாரம் கார் வந்தது, விளிம்புத் தகடு உள்ளே மடங்கி. கண்ட இடத்தில் ஜாக் வைத்திருக்கிறார். அவரே சொன்னார்: "நீங்க அவ்ளோ மெதுவா சொன்னீங்களா, அது முக்கியமில்லன்னு நெனச்சிட்டேன் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை காலை

அவர் ஸ்டாண்டு வாங்கியிருக்க மாட்டார் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மணியம் அண்ணனிடம் கேட்டு, பழைய ஸ்டாண்டு இரண்டை எடுத்துக்கொண்டு சேகர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கார் முன்பக்கம் தூக்கியபடி நின்றது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தாங்கியிருந்தது அந்தச் சிவப்பு ஜாக் மட்டும். அதன் கைப்பிடி வீட்டுக் கதவை மறித்தது. துணிக் கூடையோடு வந்த அவர் மனைவி, வழி விடவில்லையே என்று கூடையை வைத்துவிட்டுக் கைப்பிடியை ஓரமாகத் தள்ள அதைப் பிடித்துத் திருகப் போனார்.

"அக்கா, தொடாதீங்க" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. அடுத்து வந்த சத்தம் என்னுடையதுதானா என்று இன்னும் சந்தேகம். "அக்கா!" அவர் கை அப்படியே நின்றது. அடியில் சேகர் அண்ணன் தலை 'டங்' என்று காரில் இடித்தது. "யாருடா அது!" என்று கோபமாக ஊர்ந்து வெளியே வந்தார்.

அவர் எழுந்து தள்ளி நின்ற பிறகு, "அக்கா, இப்ப திருகுங்க" என்றேன். திருகினார். கார் தொப்பென்று இறங்கியது. சற்று முன் சேகர் அண்ணன் நெஞ்சு இருந்த இடத்தில் இப்போது ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. இரண்டு பேரும் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பாரத்தை இறக்கிக் காட்டினேன். கைப்பிடியைக் கழற்றி, எங்கள் வர்க்‌ஷாப் பழக்கத்தையும் சொல்லி, சேகர் அண்ணனிடம் நீட்டினேன். குறுக்கே வந்து அக்கா வாங்கிக்கொண்டார். "இவரு வேலைய முடிச்சிட்டு வரட்டும். அதுவரைக்கும் இது என் கையில இருக்கும்."

பூதத்தை நம்பலாம், தூக்குகிற வரைக்கும் மட்டும். அதற்கப்புறம் ஆயுசு கெட்டியாக இருக்க இரண்டு ஸ்டாண்டும் ஒரு மனைவியும் வேண்டும்.