திரிய வேண்டிய பால்

அயர்லாந்துக் கடைகளில் பாலும் மோரும் ஒரே மாதிரி அட்டைப் பெட்டிகளில், ஒரே அடுக்கில் நிற்கின்றன. நம் ஊர் மோரல்ல. பாலைப் போலவே வெளுத்து, கெட்டியாக இருக்கும். ரொட்டி சுடுவதற்காக வாங்குகிறார்கள். பதினேழு ஆண்டுகள் நாளிதழில் அடுத்தவர் பிழைகளைத் திருத்திய நான், டப்ளினுக்கு மேற்கே இந்தச் சிற்றூரில் வாடகை வீடு கிடைத்த அன்று, பால் காய்ச்ச இரண்டு பெட்டிகள் வாங்கினேன். மேலே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. ஒன்று பால், மற்றொன்று மோர். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினோம். பொங்கி வழிவதற்கு முன்பே திரிந்துவிட்டது.

என் மனைவி செண்பகம் இங்கே மருத்துவமனையில் செவிலியர். அடுப்பை அணைத்தாள், பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு நான் மோர்ப் பெட்டியை எடுத்துக் காட்டியபோதுதான் வாய் திறந்தாள்.

"காரணம் ஒங்க பேப்பருக்கு வேணும். வீட்டுக்கு எதுக்கு? திரிஞ்சது திரிஞ்சதுதான."

மூடநம்பிக்கை என்று சொல்லிவிடலாம். ஆனால் நாங்கள் இருவருமே கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களின் பிள்ளைகள். அந்த மண் மழைக்கு உப்பிப் புடைக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் அவள் மாமா வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று பால் திரிந்தது. அடுத்த சித்திரையில் அடுப்படிச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. பக்கத்து வீட்டுச் சுவரும்தான் பிளந்தது, அங்கே பால் நன்றாகப் பொங்கியதே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவிய வீட்டுக் கதை நமக்கெதுக்கு என்றாள். சாதாரண நாளில் பால் திரிந்தால் எங்கள் வீடுகளில் யாரும் கலங்குவதில்லை. என் அம்மா கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கிளறி எங்களுக்குக் கொடுத்துவிடுவாள். புது வீட்டுப் பால் மட்டும் வேறு.

எங்கள் ஆறு வயது மகள் கோவில்பட்டியில் செண்பகத்தின் அக்கா வீட்டில் இருந்தாள். விசா வந்து இரண்டு மாதம் ஆகியும் செண்பகம் டிக்கெட் போடவிடவில்லை. வேறு வீடு பார்த்துவிட்டு அழைத்துக்கொள்ளலாம் என்றாள். இந்த ஊரில் ஒரு வாடகை வீட்டைப் பார்க்கத் தெருமுனை வரை வரிசை நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. "பிள்ளைய இதுக்குள்ள எப்படிங்க கூப்பிட?" என்பாள். போனில் மகள் எப்போது வரட்டும் என்று கேட்கும்போதெல்லாம், சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றுவாள்.

பிப்ரவரியின் முதல் திங்கட்கிழமை இங்கே விடுமுறை. புனித பிரிஜித் நாள். பசு, பால், அடுப்பு எல்லாம் அந்தப் புனிதையின் காவலில் இருப்பதாக நம்பிக்கை. கார் கண்ணாடியில் உறைபனி ஒட்டியிருக்க, இன்று வசந்தம் தொடங்கிவிட்டது என்கிறார்கள். பக்கத்து வீட்டு நோரீன், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பண்டிகைக்குச் சீஸ் செய்கிறேன் வாருங்கள் என்று எங்களை அழைத்தார். அவர் சமையல் மேடையில் கோரைப்புல்லால் முடைந்த ஒரு சிலுவையும், அதே இரண்டு பெட்டிகளும் இருந்தன.

பால் சூடேறியதும் நோரீன் மோரை ஊற்றினார். செண்பகத்தின் கை தானாக அடுப்பை அணைக்கப் போனது. அடிப்பிடிக்கும் என்று பயப்படுகிறாள் என நினைத்து, பிடிக்காது, விடு என்றார் நோரீன். பால் கட்டிகட்டியாக உடைந்தது. பச்சை கலந்த நீர் பிரிந்தது. நம் பெண்கள் பால் பொங்குவதைப் பார்ப்பார்களே, அந்த முகத்தோடு அவர் பாத்திரத்தின்மேல் குனிந்திருந்தார்.

திரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று செண்பகம் கேட்டாள்.

"அப்போதுதான் கவலைப்படுவேன்" என்றார் அவர்.

செண்பகம் எங்கள் வீட்டுப் பாலின் கதையை மெதுவாகச் சொன்னாள். நோரீன் கவனமாகக் கேட்டார். முற்றிலும் வேறாகப் புரிந்துகொண்டார்.

"முதல் நாளே சீஸ் செய்துவிட்டு, அதையா கொட்டினாய்?"

அவருக்கு அந்த ஒன்றுதான் தாங்கவில்லை. செண்பகம் சிரித்துவிட்டாள். வாடகை வீட்டுக்குக் குடிவந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

துணியில் பிழிந்து, உப்புச் சேர்த்து, ரொட்டியில் தடவிக் கொடுத்தார் நோரீன். இளஞ்சூடு. பனீரைவிட மென்மை, விழுங்கிய பிறகு மெலிதாக ஒரு புளிப்பு. செண்பகம் முதல் வாயை மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வீடு திரும்பியபோது மதியம் ஒரு மணி. கோவில்பட்டியில் மாலை ஆறரை. அவளே அக்காவுக்குப் போன் போட்டாள். டிக்கெட் போடப் போகிறோம் என்றதும் அக்கா கேட்ட முதல் கேள்வி:

"திரும்பப் பால் காய்ச்சினியாட்டி?"

"காய்ச்சியாச்சுக்கா. இன்னைக்குத்தான். பக்கத்து வீட்டம்மாவும் நின்னாவ. எப்படி வரணுமோ அப்படி வந்துச்சு."

அக்கா நிம்மதியாக மூச்சு விட்டது எனக்கும் கேட்டது. பழைய தொழில் புத்தியில் அந்தப் பதிலைச் சொல்சொல்லாகச் சரிபார்த்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் கோவில்பட்டியில் அது பொங்கி வழிந்த பாலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

குளிருக்கு ஷூ வாங்க வேண்டும், பிள்ளையின் காலைத் தாளில் வைத்து அளவு வரைந்து அனுப்பு என்று அக்காவிடம் சொன்னாள் செண்பகம். சிறிது நேரத்தில் படம் வந்தது. பென்சில் கோட்டில் ஒரு சின்னப் பாதம். கட்டைவிரல் பக்கம் கோடு நடுங்கியிருந்தது. கூச்சத்தில் காலை இழுத்திருப்பாள். செண்பகம் போனை வாசல் கதவுக்கு உட்புறம் தரையில் வைத்தாள். கொஞ்சம் பார்த்துவிட்டுக் குனிந்து, விரல்கள் வீட்டுக்குள் பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்தாள்.