அமலி டீச்சர் பட்டினி கிடந்த கதை

ஆரணியில் பதினோரு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த அமலி டீச்சர், நாற்பதாவது வயதில் எத்தியோப்பியாவுக்கு வேலைக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் வேலை, தங்க வீடு. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர் என்பதால் போகாதே என்று தடுக்கவும் ஆள் இல்லை. 1985-இல் அங்கே கடும் பஞ்சம். பள்ளி விடுமுறையில் டீச்சர் நிவாரண முகாமுக்குப் போய், குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தானாகவே பெயர் கொடுத்தார்.

ஒரு பெண் குழந்தை, மூன்று வயதிருக்கும், வாயைத் திறக்கவே மாட்டேன் என்றது. டீச்சர் அதை மடியில் வைத்துக்கொண்டு, "இங்க பாரு, மொதல்ல நான் துன்றேன், அப்பறம் நீ" என்று தமிழிலேயே சொல்லி, ஒரு கரண்டி கஞ்சியைத் தன் வாயில் போட்டுக் காட்டினார். குழந்தை சிரித்துவிட்டு வாயைத் திறந்தது. அந்தச் சந்தோஷத்தில், எதிரே ஒரு வெள்ளைக்காரர் படம் எடுத்ததை அவர் பெரிதாக நினைக்கவில்லை. குளிருக்கு அந்த ஊர்த் துணியைத் தலையோடு போர்த்தியிருந்தார்.

படம் உதவி கேட்கும் துண்டறிக்கையில் அச்சாகி, ஊர் ஊராகச் சுற்றி ஆரணி மாதா கோயிலுக்கும் வந்து சேர்ந்தது. ஞாயிறு பூசையில் சாமியார் அதைத் தூக்கிக் காட்டி, கீழே ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னார்: "நான்கு நாள் பட்டினிக்குப் பிறகு கஞ்சி குடிக்கும் தாயும் மகளும்."

முன்னால் உட்கார்ந்திருந்த பாக்கியமேரி எழுந்துவிட்டாள். "சாமி, இது நம்ம அமலி டீச்சருங்க!"

டீச்சரின் தம்பி இருதயசாமி, "அக்கா அங்க கஞ்சி ஊத்தத்தாங்க போச்சு" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"அப்ப இன்னாத்துக்கு அவுங்க வாயில கரண்டி?" என்றாள் பாக்கியமேரி. "மகள்னு வேற போட்டுகினு கீறானே!"

பூசை முடிவதற்குள், டீச்சர் அங்கே பட்டினி கிடக்கிறார், கூட ஒரு மகளும் இருக்கிறாள் என்று கோயில் முழுக்கப் பேச்சு பரவியது.

வம்பு பேசிய அதே பெண்கள்தான் அந்த வாரம் முறுக்கும் அதிரசமும் சுட்டார்கள். தறிக்காரர் வீட்டு அம்மாள் ஒருத்தி, குழந்தைக்கென்று பட்டுப்பாவாடை தைத்துக் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து டீச்சர் பார்சலைப் பிரித்தபோது முறுக்கு தூளாகியிருந்தது. 'நீங்களும் மகளும் பட்டினி கிடக்க வேண்டாம்' என்று கூட வந்த கடிதத்தைப் படித்துச் சிரித்தார். பிறகு கோபம் வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் முகாமுக்கே எடுத்துப் போனார். படத்தில் இருந்த குழந்தை அதற்குள் தன் தாயோடு ஊர் திரும்பிவிட்டது. பாவாடை வேறொருத்திக்குப் பொருந்தியது.

டீச்சர் நடந்ததை விளக்கி நான்கு பக்கம் எழுதினார். தான் பட்டினியில்லை, தனக்கு மகளும் இல்லை, முகாமில் இருக்கும் குழந்தைகளுக்குத்தான் துணி வேண்டும் என்று. 'நீங்கள் சௌக்கியம் என்று அறிந்து சந்தோஷம், மாதாவுக்கு நன்றி' என்று பதில் வந்தது. துணி வரவில்லை.

அடுத்த தடவை அவர் எதையும் விளக்கவில்லை. 'இங்கே கஷ்டம்தான். குளிருக்குப் பிள்ளைகளுக்குத் துணியில்லை' என்று இரண்டே வரி. மூன்று மூட்டை வந்து இறங்கியது. ஒன்றில் பாக்கியமேரி சீட்டு வைத்திருந்தாள்: 'பொண்ணுக்கு இன்னா பேரு வச்சீங்க டீச்சர்?'

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'சாரா' என்று எழுதி அனுப்பினார்.