குறையாத தண்ணீர்

வாடகைக்கு எடுத்த அந்த வான் வண்டியின் கதவுக்கு மேலே நான்கு சிறிய பச்சை விளக்குகள் இருந்தன. தாங்கியில் தண்ணீர் குறையக் குறைய அவை ஒவ்வொன்றாக அணையும். நெவாடாப் பாலைவனத்தில் எங்கள் மூன்றாம் நாள் நண்பகல், என் கணக்கின்படி ஒன்று மட்டுமே எரிந்துகொண்டிருக்க வேண்டும். மூன்று எரிந்தன.

ரொறொன்ரோவுக்கு அருகே மார்க்கம் நகரில் ஓர் அலுவலகத்தில் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. கணக்கும் கருவியும் ஒத்துவராவிட்டால் முதலில் கருவியைச் சந்தேகித்துப் பழகியவள் நான். இருக்கைப் பலகையைக் கழற்றிவிட்டு, சின்ன ரோர்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, தாங்கியின் சென்சரைச் சோதிக்கத் தொடங்கினேன். மச்சாள் வெளியே, வானின் நிழலில் இருந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

மச்சாள் என் அண்ணாவின் மனைவியாக இருந்தவர். விவாகரத்துப் பத்திரங்கள் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எட்டு வருடங்கள் ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பகுதியில் எங்கள் வீட்டில் எங்களோடு வாழ்ந்தார். கூடப் பிறந்த சகோதரி இல்லாத எனக்கு, பள்ளிக்கூடக் கதை, அலுவலகக் கதை, ஒருவருக்கும் சொல்லாத கதை எல்லாவற்றையும் கேட்டவர் அவர்தான். அடுத்த மாதம் தொடங்கும்படி அவருக்குத் தூரத்து எட்மன்ரனில் வேலை கிடைத்திருந்தது. “அவளோட உனக்கு இனி என்ன கதை?” என்று அம்மா கேட்டுவிட்டா. கூட வேலை செய்கிறவர்களோடு போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நான் புறப்பட்டேன். மச்சாளுக்கு ஒருநாளாவது சனமே இல்லாத இடமொன்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எனக்கு வேறு நோக்கம் இருந்தது. எரிவாயு, வரைபடம், முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு இத்தனை லீற்றர் தண்ணீர் என்று எழுதிக்கொண்டே போன பட்டியலில் அதை மட்டும் எழுதவில்லை. போகவேண்டாம் என்று அவரிடம் கேட்க வேண்டும். அண்ணாவுக்காக இல்லாவிட்டாலும் எனக்காக ரொறொன்ரோவில் இருக்கச் சொல்ல வேண்டும். நான் கேட்டால் மறுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

முதல் இரண்டு நாளும் அதற்கு வாய் வரவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருக்கும் தெரு, இரு பக்கமும் உப்புப் பூத்த வெளி, தூரத்தில் தவிட்டு நிற மலைகள். மணிக்கணக்காக இன்னொரு வாகனம் கண்ணில் படாது. ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே அவர் இல்லாமல் போகப்போவதை நினைத்துக்கொண்டிருப்பது, தனியே இருப்பதைவிடக் கடினமாக இருந்தது.

“என்னடி கிண்டுறாய்?” மச்சாள் எட்டிப் பார்த்தார்.

“சென்சர் பிழை மச்சாள். தண்ணி இவ்வளவு மிஞ்சாது.”

“சென்சரில பிழையில்லை. நான் பாவிக்கேல்லை.”

கதவடியில் இருந்த வெறும் தயிர்க் கோப்பையைக் காட்டினார். காலையில் அதில் ஒரு கோப்பை தண்ணீர், மாலையில் ஒரு கோப்பை, அவ்வளவுதான். முகம் கழுவிய தண்ணீர் சட்டியில் விழும். அதிலேயே சாப்பிட்ட கோப்பைகளின் முதல் அழுக்குப் போகும்.

“முகாமில அஞ்சு பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி. இந்த வெளியைக் கண்ட உடன கை தன்ர பாட்டில பழசுக்குப் போயிட்டுது.”

ஊரில் போர் முடிந்த பிறகு அவர் முகாமில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். திருமணம் பேசும்போது சொல்லப்பட்ட விபரங்களில் அதுவும் ஒன்று. அதற்குமேல் நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அப்போதுதான் எங்கள் வீட்டுக் குளியலறை நினைவுக்கு வந்தது. மச்சாள் வந்த புதிதில் குளிக்கப் போனால் அரை மணி நேரம் வெளியே வரமாட்டார். அம்மா தினமும் குறை சொல்வா. சண்டை வேண்டாம் என்று நான் ஒரு தீர்வு கண்டுபிடித்தேன். ஐந்து நிமிடத்தில் ஒலிக்கும் சின்ன ரைமர் ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டினேன். வீட்டில் எல்லாரும் மெச்சினார்கள். அதன் பிறகு மச்சாள் ஒருநாளும் ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை.

கழற்றிய பலகையைக் கீழே வைத்தேன்.

“மச்சாள், அந்த ரைமர்...”

“அதுக்கென்ன? அஞ்சு நிமிசத்தில தலைக்குச் சம்பூவும் போட்டுக் குளிக்கிற மருமகள் ஸ்காபரோவிலயே நான் ஒருத்திதான்.” சிரித்தபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

கடைசி நாள் மாலை, வானின் பின்கதவில் தொங்கிய குளிக்கும் குழாயைச் சுற்றித் துணி கட்டி மறைப்புச் செய்தேன். விடிந்தால் நகரம். மிஞ்சிய தண்ணீர் யாருக்கும் தேவையில்லை.

“தண்ணி முடியுமட்டும் குளியுங்கோ மச்சாள்.”

“முடிஞ்சா என்னை ஏசக்கூடாது.”

நான் முன்பக்கப் படியில் போய் இருந்தேன். மணலில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. இடையில் அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடினார். எட்டு வருடங்களில் அவர் பாடி நான் கேட்டதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு அதைவிட நல்ல தருணம் வந்திருக்காது. நான் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் பிரியும்போது மச்சாள் என் கையைப் பிடித்தார். “நீ ஒண்டு கேக்கத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனி எண்டு தெரியும். கேட்டிருந்தா நிண்டிருப்பன். அதுதான் அஞ்சு நாளும் பயந்துகொண்டு இருந்தனான்.”

நான் இப்போது அம்மாவின் வீட்டை விட்டு, ரொறொன்ரோவிலேயே வெக்ஸ்போர்ட் பகுதியில் தனியாக இருக்கிறேன். எட்மன்ரன் எங்களுக்கு இரண்டு மணி நேரம் பின்னால். வேலை முடிந்து வந்ததும் மச்சாளிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் குறித்து வைப்பேன். அவர் வீடு திரும்பும் நேரம்வரை காத்திருப்பேன். திரும்பி வரச் சொல்வதுபோல் படுவதையெல்லாம் அதற்குள் ஒவ்வொன்றாக வெட்டிவிடுவேன். அநேகமான நாட்களில் மிஞ்சுவது, சுகமா என்ற ஒரு கேள்விதான். அதை மட்டும் அனுப்புகிறேன்.