அன்னம்மாள் மகள் ரூத்

செவ்வாய்க்கிழமை காலை, பிரசவ அறையில் கத்தரிக்கோல்களைக் கொதிக்கும் நீரில் போட்டுக்கொண்டிருந்தேன். வார்டைக் கூட்டும் மா டின் செருப்பில்லாமல் ஓடிவந்து வாசலில் நின்றாள். நர்ஸ்களாகிய எங்களை இங்கே ரங்கூனில் பர்மியர், தமிழர் எல்லாருமே 'சயாமா' என்றுதான் அழைப்பார்கள். "சயாமா, ரூத் சயாமா போயிட்டாங்க" என்றாள். "எங்கே போனாள்?" என்று நான் கேட்டேன். மா டின் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இருபது வருஷமாக யார் வந்து ரூத் போய்விட்டாள் என்று சொன்னாலும் அப்படிக் கேட்டே எனக்குப் பழக்கம். ஓரிடத்தில் நிற்கிற பிறவி அல்ல அவள்.

நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். வயது நாற்பத்திரண்டு. இதை எழுதத் தொடங்கும்போது 'அவர்' என்று போட்டுப் பார்த்தேன். வேறு யாரையோ எழுதுவதுபோல் இருந்தது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் சோட்டுக்காரி, என்னோடு ஒரே வருஷம் நர்ஸ் வேலை கற்றவள். அவள் என்றே எழுதுகிறேன்.

மிங்கலா தாங்ஞுன்ட் ரயில்வே குடியிருப்பில் இதைப் படிக்கிற பலருடைய பிள்ளைகள் ரூத் கையில் பிறந்தவர்கள். ஆள் இழுக்கும் லஞ்சா வண்டி அனுப்பினாலும் ஏறாமல், அதற்கு முன்னால் வேகமாக நடந்து வந்து, வாசலிலேயே கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு "வெந்நீர் எங்கே?" என்று கேட்ட ரூத்தை உங்களுக்குத் தெரியும். அவளுடைய சின்ன வயதைப் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவளாகச் சொல்ல மாட்டாள். சொன்னால் நம்புகிறவர்களும் குறைவு.

அவள் தாய் அன்னம்மாள், ரங்கூனில் ஒரு அரிசி ஆலை இஞ்சினியர் வீட்டில் ஆயா. அந்தக் குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அன்னம்மாளையும் கப்பலேற்றிக்கொண்டு போனது. ரூத்துக்கு அப்போது நாலு வயது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஆல்ட்வித் என்ற சிற்றூர். செங்குத்தான சரிவில் வீடுகள், கீழே மீன்துறை, மேலே கோயில். எட்டு வருஷம், வீட்டிலும் வெளியிலும் இங்கிலீஷே பேசி, அந்த ஊர்ப் பிள்ளையாகவே வளர்ந்தாள். அங்கேயே ஒரு குளிர்காலத்தில் சளிக்காய்ச்சல் வந்து அன்னம்மாள் இறந்துபோனாள். அடுத்த வருஷம், பர்மாவுக்கு வந்த இன்னொரு குடும்பத்தோடு ரூத்தை அனுப்பிவிட்டார்கள். கம்பளிக் கோட்டோடு ரங்கூன் துறையில் இறங்கிய பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வாயில் ஒரு தமிழ் வார்த்தை முழுசாக வரவில்லை. மிஷன் விடுதியில்தான் மறுபடி தமிழ் கற்றாள். கடைசிவரை அவள் தமிழில் 'ழ' வந்ததில்லை.

ஆல்ட்வித்தைப் பற்றி அவள் பேசும்போது எதிரில் இருப்பவர் தலை சுற்றும். அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே பேசுவாள். மீன் அறுக்கும் பெண்கள் விரல் வெட்டுப்படாமலிருக்கத் துணி சுற்றிக்கொண்டு நிற்பது, மூடுபனி நாளில் படகுகளுக்காக மணி அடிப்பது, பிள்ளைகள் அவள் கையை எச்சில் தொட்டுத் தேய்த்து நிறம் போகிறதா என்று பார்த்தது. ஒருமுறை நான், "வெள்ளைக்காரச் சீமையிலே ராஜாத்தி மாதிரி இருந்திருப்பே" என்றேன். சட்டென்று நின்றாள். "நீங்கள்லாம் நினைக்கிற சீமை இல்லடி அது. மீன் அறுக்குற அந்தப் பொம்பளைங்க கையைப் பார்த்திருக்கியா? நம்ம பசுண்டாங் ஆலையிலே உமி தூத்துறவங்க கையும் அதுவும் ஒண்ணுதான்" என்றாள்.

ஜெர்மன் யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். மேட்ரன் துரைசானிக்குச் சீமையிலிருந்து வரும் பழைய பத்திரிகைகளை மருந்து அலமாரியில் விரிப்பது எங்கள் வழக்கம். அப்படி விரித்த ஒரு தாளில் ரூத்தின் கை நின்றுவிட்டது. ஆல்ட்வித்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஊரின் வரலாற்றை எழுதுகிறாராம். அந்த ஊரில் சிறுவயதைக் கழித்தவர்கள் எங்கிருந்தாலும் தங்கள் ஞாபகங்களை எழுதி அனுப்பவேண்டும் என்று கேட்டிருந்தார். "எங்கிருந்தாலும்னு போட்டிருக்கு, எஸ்தர். எங்கிருந்தாலும்" என்று அந்த ஒரு வார்த்தையையே அன்று பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினோரு நாள் எழுதினாள். சாயங்காலங்களில் நர்ஸ் விடுதி வராந்தாவில் நான் பாண்டேஜ் துணி சுருட்ட, அவள் நடந்தபடி வாசிப்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். என் அண்ணன் கதர் கட்டத் தொடங்கியிருந்த காலம்; அவர் பேச்சு என் வாயிலும் வந்தது. "அவங்க ஊர்க் கதையிலே நமக்கென்னடி வேலை? நம்மளை அவங்க எந்தக் கதையிலே சேர்த்தாங்க?" என்றேன்.

ரூத் நடப்பதை நிறுத்தவில்லை. "எங்கம்மா அந்த மண்ணுலே கிடக்கா. அப்ப அது எங்க ஊர்தான். எங்கம்மா பேர் அந்தப் புஸ்தகத்திலே வரணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆசிரியர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். மீன்துறைப் பெண்களைப் பற்றி ரூத் எழுதியது அருமை, அப்படியே அச்சிடுவேன் என்றிருந்தார். ஆனால் அன்னம்மாள் என்ற பெயரில் யாரையும் அடக்கம் செய்ததாகக் கோயில் பதிவேட்டில் இல்லை. இஞ்சினியர் குடும்பத்தில் மிஞ்சியிருப்பவர்களுக்கும் அப்படி ஓர் ஆயா இருந்ததாக நினைவில்லை. குழந்தைப் பருவத்து ஞாபகம் சிலசமயம் நம்மை ஏமாற்றும். ஆகவே அந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று முடித்திருந்தார்.

அழுவாள் என்று நினைத்தேன். வாளியை எடுத்துக்கொண்டு போய்ப் பிரசவ அறைத் தரையைத் தேய்த்தாள். மறுநாளும் தேய்த்தாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "எஸ்தர், நான் சொப்பனம் கண்டேனா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லத் தாமதித்தேன். ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் அவள் அதைப் பார்த்துவிட்டாள். அந்த ஒரு மூச்சு இன்றும் என்னைத் தூங்கவிடவில்லை.

அதன் பிறகு வேலை முடிந்ததும் துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தாள். நர்ஸ் உடுப்போடு கப்பல்துறையில் நின்று கப்பல்காரர்களை விசாரிக்கிறாள் என்று மேட்ரனிடம் புகார் வந்தது. கண்டித்தார்கள். உடுப்பை மாற்றிக்கொண்டு போனாள். கடைசியில் மீராசா என்ற நாகூர்க்காரர் அகப்பட்டார். கப்பலில் கரி அள்ளிப்போடுகிறவர். அவருடைய கப்பல் அரிசி இறக்கும் துறையிலிருந்து ஆல்ட்வித்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். லான்மடாவில் ஒரு தேநீர்க் கடை வாசலில் அவரிடம் பேசினாள். நானும் கூட இருந்தேன்.

"எழுத்து வாசனை இல்லாத என்னைப் போய் அனுப்புறீங்களே, சயாமா?" என்றார் அவர்.

"படிக்க வேண்டாம் பாய். நடந்தாப் போதும். நான் சொல்றதை அப்படியே நடங்க."

சொன்னாள். ரயிலடியிலிருந்து சரிவில் இறங்கவேண்டும். தண்ணீர்க் குழாயடியில் இடதுபக்கம். ரொட்டிக்கடைச் சந்து முடிகிற இடத்தில் கல்படி, எழுபத்துநாலு படி. மேலே கோயில். வடக்குச் சுவரோரம் ஒரு முள்மரம். அதிலிருந்து எட்டு அடி. "அது சின்னப்பிள்ளை அடி பாய். உங்களுக்கு அஞ்சு வரும்" என்றாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் விட்டுவந்த ஊர். மீராசா கண்ணை மூடி, விரல் மடக்கி, இரண்டுதரம் திருப்பிச் சொன்னார்.

ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அவள் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள். பிரசவம் பார்க்கும் நேரத்தில் மட்டும் கை நிதானமாக இருக்கும். தொப்புள்கொடியை வெட்டிப் பிள்ளையைத் தாயிடம் கொடுத்த மறுகணம் சன்னலுக்குப் போய்விடுவாள். அங்கிருந்து ஆற்றில் கப்பல்களின் புகை தெரியும்.

ஒரு பகல்வேளை ஆஸ்பத்திரி வாசலில் மீராசா வந்து நின்றார். ரூத் ஓடினாள், நான் பின்னால் ஓடினேன்.

"எழுபத்துநாலு படி இருக்கு சயாமா" என்றுதான் அவர் ஆரம்பித்தார். "குழாயடி இல்லே. மரம் இல்லே, வேர்க்கட்டை இருக்கு. அஞ்சு அடி வச்சேன். அங்கே கல்லு கில்லு எதுவும் இல்லே, புல்லுதான். மனசு கேக்காம கீழே துறைக்கு வந்து, மீன்கூடைகிட்டே குந்தியிருந்த ஒரு கிழவிகிட்டே எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்லே கேட்டேன். இந்தியா ஆயா, இங்கே மவுத்தானாங்களேன்னு. அந்தம்மா என் கையைப் பிடிச்சு அத்தனை படியும் ஏறி வந்துச்சு சயாமா. நான் நின்ன அதே எடத்தைக் காட்டுச்சு. ஹன்னா, ஹன்னான்னு சொல்லுச்சு."

அன்னம்மாளை அந்த ஊர்ப் பெண்கள் ஹன்னா என்று கூப்பிட்டிருக்கிறார்கள்; பதிவேட்டிலும் அந்தப் பெயரே ஏறியிருக்கும் என்று ரூத்துக்குத் தோன்றவில்லை. இஞ்சினியர் குடும்பம் வெளியூர் போயிருந்த சமயத்தில் அவள் இறந்ததால், மீன் அறுக்கும் பெண்கள்தான் தூக்கிக்கொண்டுபோய்த் தங்கள் வீட்டு அடக்க நிலத்தில் வைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் 'ஹன்னா, வேலைக்காரி' என்று ஏறிவிட்டது என்பதெல்லாம் பின்னால் ஆசிரியர் எழுதித்தான் முழுசாகத் தெரிந்தது.

ரூத் மீராசாவைப் பார்த்து, "புல்லு பச்சையா இருந்துச்சா?" என்று கேட்டாள். "பச்சைதான் சயாமா." சற்று நேரம் கழித்து மறுபடி அதையே கேட்டாள். அவரும் சலிக்காமல் அதையே சொன்னார். நான் அவள் தோளைத் தொட்டேன். "அன்னைக்கு நான் தாமதிச்சேன், மன்னிச்சிடு" என்றேன். "என்னையே நம்ப நானும்தான் தாமதிச்சேன்" என்றாள்.

மறுநாளே ஆசிரியருக்கு எழுதினாள்: ஹன்னாவைத் தேடுங்கள், கிடைத்தால் அன்னம்மாள் என்று அச்சிடுங்கள். அவர் கண்டுபிடித்து, தம் தவறுக்கு வருந்திப் பதில் போட்டார். பெயரைக் கட்டாயம் சேர்ப்பதாகச் சொன்னார். கூடவே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஊரில் அடங்கிய ஒவ்வொருவருக்கும் அவரவர் பிறந்த ஊரையும் குறித்து வருகிறேன். உங்கள் தாயார் பிறந்த ஊர் எது?

அந்தக் கடிதத்தை வராந்தாவில் நின்று வாசித்தாள். பிறகு, நான் என்றும் கேட்டிராத ஒரு குரலில், "எனக்குத் தெரியாது எஸ்தர்" என்றாள். ஆல்ட்வித்தின் ஒவ்வொரு படியும் தெரிந்தவளுக்குத் தாய் பிறந்த ஊர் தெரியவில்லை. பனைமரம் நிற்கும் ஒரு குளம், துடைப்பத்தை 'வாரியல்' என்று தாய் சொன்னது, இவ்வளவுதான் கையில் இருந்தது. "அது திருநெல்வேலிச் சீமைப் பேச்சு" என்றேன். "அந்தச் சீமையிலே எத்தனை ஊர்?" என்று கேட்டாள்.

கடைசி இரண்டு வருஷம் அவள் பட்ட தவிப்பு அதுதான். கோயிலில், ரயில்வே லைனில், ஆலை வாசலில், தென்பக்கத்துக்காரர் என்று தெரிந்தால் நிறுத்திக் கேட்பாள். சிலர் சிரித்தார்கள். சிலர் தங்கள் ஊரில் ஓர் அன்னம்மாள் உண்டென்றார்கள்; விசாரித்தால் அது வேறொருத்தியாக இருக்கும். புத்தகம் சென்ற மழைக்காலத்தில் தபாலில் வந்தது. அன்னம்மாள் என்ற பெயர் பிழையில்லாமல் இருக்கிறது. பக்கத்தில், 'பிறந்த ஊர் தெரியவில்லை' என்று அச்சாகியிருக்கிறது. அந்த வரியை நகத்தால் தடவிக்கொண்டு ரூத் சொன்னாள்: "இங்கே பிறக்கிற பிள்ளைங்க ஒண்ணுக்காவது இப்படி ஆகக்கூடாதுடி." அன்றிலிருந்து, பிள்ளை பெற வரும் ஒவ்வொருத்தியிடமும் அவள் ஊரையும் அவள் தாய் பிறந்த ஊரையும் கேட்டு, குழந்தையின் பிறப்புச் சீட்டுக்குப் பின்புறம் எழுதிக் கொடுக்கத் தொடங்கினாள். காய்ச்சல் விழுந்த நாளிலும் இரண்டு சீட்டு எழுதியிருக்கிறாள்.

அவள் தேடிய ஊர் கிடைக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஆல்ட்வித் ஆசிரியர் உயிரோடுதான் இருக்கிறார், எழுதிப் போடுவேன்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியை மட்டும்தான். அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்குத் திரும்பினேன். கடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தலைப்பிரசவம், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். அவள் முதுகைத் தேய்த்தபடியே, "உன் அம்மா பிறந்த ஊர் எதும்மா?" என்று கேட்டேன்.

"இப்பவா கேக்குறீங்க, சயாமா!" என்று கத்தினாள்.

ஆனால் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.