சின்னம்மாவின் முகத்துக்கு வெளிச்சம்

எனக்குத் தொழிலில் கிடைத்த பெயரெல்லாம் இருட்டால் கிடைத்தது. ஒளிப்பதிவாளர் என்று அச்சடிக்கிறார்கள். நான் பெரும்பாலும் செய்வது விளக்கை அணைப்பதுதான். முகத்தில் பாதியை நிழலில் விடுவேன். அதற்காகவே வெளிநாட்டு விழாக்களில் மேடைக்குக் கூப்பிட்டு விருது தந்தார்கள். கிளிநொச்சியில் கலியாண வீடியோ எடுத்துத் தொழில் பழகியவள் நான். அந்த வீடியோக்காரர்கள் முகத்துக்கு நேரே பிடிக்கும் வெள்ளை லைட்டைப் பேட்டிகளில் எத்தனையோ முறை நக்கலடித்திருக்கிறேன்.

சின்னம்மாவுக்கு என் படங்கள் பிடிக்காது. விருது வாங்கிய படத்தை அவர் வீட்டு ஹோலில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, அந்த வீட்டிலை கறண்ட் இல்லையோ?" என்று கேட்டார். அவருடைய மகன் கதிரையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். அவன் எனக்குத் தம்பி முறை; சின்னம்மாவுக்கு ஒரே பிள்ளை. கண் ஒப்பரேசன் செய்த பிறகு சின்னம்மாவுக்கு வெளிச்சம் ஆகாது. கறுப்புக் கண்ணாடி போட்டபடி, மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்து கிளினிக்குக்குப் போவார். மருந்து விடுவதும் அவன்தான். வேறு யார் விட்டாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

பிறகு அவன் வெளிநாடு போனான். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது.

சின்னம்மா செத்தபோது பளையில் ஒரு படப்பிடிப்பில் இருந்தேன். விட்டுவிட்டு ஓடி வந்தேன். தம்பிக்குச் சொல்லத்தான் வழியில்லை. அவனை வேறு அகதி முகாமுக்கு மாற்றியிருந்தார்கள், போனும் வேலை செய்யவில்லை. அடக்கம் செய்கிற அன்று காலையில்தான் செய்தி போய்ச் சேர்ந்தது. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: பெட்டி மூட முன்னம் அம்மாவின் முகத்தை ஒருக்காப் பார்க்க வேண்டும்.

செத்தவீட்டுக்கு வந்த வீடியோக்காரர் லண்டன், கனடாச் சொந்தங்களுக்கு நேரலை போட்டிருந்தார். முகாமில் யாரோ இரவல் கொடுத்த பழைய போனில் அது திறக்கவே இல்லை. வீடியோக் கோல் மட்டும் எடுபட்டது, அதுவும் விட்டுவிட்டு. மாமா, சின்னம்மாவின் தமையன், என்னைப் பார்த்தார். "நீதானே படம் எடுக்கிறனீ. உன்ர போனிலை காட்டு. கெதியாய் முடி, மழை இருட்டிக்கொண்டு வருது. வாய்க்கால் ரோட்டு சகதியானா பெட்டி ஏத்திற ட்ராக்டர் போகாது."

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவோம். சுடலையில் பெட்டியை இன்னொரு தரம் திறப்பார்கள்தான், ஆனால் அங்கே துளிச் சிக்னலும் இல்லை. ஹோலில் மூடினால் அவனுக்கு அது மூடினதுதான். தம்பிக்குக் கோல் எடுத்து, போனைப் பெட்டிக்கு மேலே பிடித்தேன்.

"அக்கா, கட்டம் கட்டமாத்தான் வருது. அம்மா எது, பூ எது எண்டு தெரியேல்லை."

ஹோல் இருண்டு கிடந்தது. வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள் இருந்தார்கள். "எல்லாரும் வாசலை விட்டு எழும்புங்கோ" என்று கத்தினேன். "போனுகளை நிப்பாட்டுங்கோ, சிக்னலைத் தின்னுது." ஒரு மாமி எழும்பிக்கொண்டே, "எங்களையும் ஒருக்காக் காட்டு பிள்ளை, வந்தது அவனுக்குத் தெரியட்டும்" என்றார். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். அன்று எரிச்சல்தான் வந்தது.

வாசல் விலகியும் வெளிச்சம் வரவில்லை. வானமே கறுத்துப்போயிருந்தது. கோல் அறுந்தது. மறுபடி எடுத்தேன். அறுந்தது. மாமா பெட்டி மூடியில் கையை வைத்தார். "இஞ்சை பார், தூறத் தொடங்கிட்டுது. அவன்ர விதி அவ்வளவுதான்."

"மூடினியளெண்டால் என்ர வாயிலை வேற கதை வரும் மாமா. கையை எடுங்கோ."

அப்படி நான் அவரோடு பேசியதே இல்லை. அவர் கையை எடுத்தார்.

வீடியோக்காரரிடம் லைட்டைக் கேட்டேன். பேட்டிகளில் நான் நக்கலடித்த அதே வெள்ளை லைட். கைப்பழக்கத்தில் அதை மேலே, பெட்டிக்கு மேல் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்க்கத் திருப்பினேன். துணியில் பட்டு வெளிச்சம் மெதுவாகச் சின்னம்மாவின் முகத்தில் இறங்கியது. அவ்வளவு அழகு, அவ்வளவு வடிவு. கோல் மறுபடி கிடைத்தது. "இன்னும் கட்டம்தான் அக்கா" என்றான். அழுகையை அடக்குகிற குரல்.

என்னிலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. பழைய போனுக்கும் நொண்டிச் சிக்னலுக்கும் வடிவு எதற்கு? வெளிச்சம்தான் வேண்டும். லைட்டை இறக்கி முகத்துக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில் பிடித்தேன். நெற்றியின் விபூதி, மூக்கில் வைத்த பஞ்சு, தலைமாட்டில் யாரோ வைத்துவிட்ட கறுப்புக் கண்ணாடி, எல்லாம் பளிச்சென்று வந்தன. நிழல் என்று ஒரு பொட்டும் இல்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்த ஆக மோசமான படம்.

"அம்மா" என்றான்.

அவன் அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். கூரைத் தகரத்தில் மழை வலுக்கத் தொடங்கியது. தெரிகிறது, அது போதும் என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

"அக்கா."

"சொல்லு ராசா. வடிவாத் தெரியுதுதானே?"

"லைட்டை நூருங்கோ அக்கா. அம்மாக்குக் கண் கூசும்."

வீடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் லைட்டை அணைத்தேன். என் போனில் சின்னம்மாவின் முகம் கறுத்துக் கட்டங்களாக உடைந்தது. அவனுடைய போனில் அதுகூட வந்திருக்காது; எனக்குத் தெரியாத விசயமா இது?

"இப்ப தெரியுதோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. இப்ப நல்லாத் தெரியுது."

மாமா திரும்பி நின்று சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு மூடியைத் தூக்கினார். பெட்டி மூடி முடியும் வரைக்கும் போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.